இரண்டாவது தும்மல்

வாசகசாலைப் பலகையில் ஒட்டுவதற்காக நானே எழுதுகிறேன், நண்பர்களே. எழுத்து கோணலாக இருந்தாலும் செய்தி நல்ல செய்தி.

இந்தப் பங்குனி வெயிலில் எனக்கு ஓயாத தும்மல். சளி இல்லை. வேப்பம்பூ ஒத்துக்கொள்ளவில்லையாம், இந்த வயதிலும் புதிதாக வருமாம். செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

இன்று காலை தொண்டூரிலிருந்து என் பேத்தியை நிச்சயம் செய்ய வந்தார்கள்.

"நைனா, அவங்க போற வரைக்கும் மூக்கைப் புடிச்சிக்கினு உக்காரு" என்றான் மகன்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். தட்டு மாற்றக் கை நீட்டிய நேரத்தில் ஒரே ஒரு தும்மல் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஒத்தத் தும்மலுங்க. எனக்கு மனசு ஒப்பல."

பேத்தியின் முகம் வாடிப்போனது.

"இன்னொண்ணு போடு நைனா! ரெட்டையா வந்தா நல்ல சகுனந்தானே!" என்று மகன் கத்தினான்.

காலையெல்லாம் கேட்காமல் வந்தது, கேட்டதும் வரவில்லை. வாசலுக்கு ஓடி, வேப்பங்கிளையை இழுத்து முகத்தின் மேல் உலுக்கிக்கொண்டேன். பிறகு நிற்கவே இல்லை!

"போதுங்க பெரியவரே, மூச்சு வுடுங்க!" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தார். உள்ளே பேத்தி சிரித்தது என் தும்மலையும் மீறிக் கேட்டது.

வைகாசியில் கல்யாணம். தும்மல் மொத்தம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணவில்லை. தெருவில் நின்று எண்ணியவர்கள் இருந்தால், தாலி கட்டிய பிறகு வந்து சொல்லுங்கள்.