பால் காய்ச்சாத வீடு

எங்கடை அடுக்குமாடி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை. நானும் தங்கச்சியும் மூண்டாம் மாடி. எங்களுக்கு மேலை இருக்கிற வீட்டைக் கனடாவிலை இருக்கிற ஒரு அண்ணை வாங்கி, தரைக்கு மாபிள் பதிச்சு, ஐயரைக் கூப்பிட்டுத் தோசம் போகக் கழிப்பும் கழிச்சுப் பூட்டிப்போட்டார். தான் வந்து பால் காய்ச்சிக் குடிபூருமட்டும் ஒருத்தரும் உள்ளுக்குக் கால் வைக்கக்கூடாதாம்.

மாபிள் பதிச்சவை விட்டிட்டுப் போன தண்ணி பிடிக்கிற பிளாஸ்ரிக் பரல் ஒண்டு அவரின்ரை பல்கனியிலை கிடந்தது. ஐப்பசி மழைச் சாரலிலை அது நிரம்பி வழிஞ்சுது. பக்கத்துக் கட்டடத்துப் படியிலை ஏறி நிண்டால் ஆருக்கும் தெரியும். விடியவும் பின்னேரமும் எங்கடை வீடு முழுக்க நுளம்பு.

தங்கச்சி போன வருசம் டெங்கு வந்து அருந்தப்பிலை தப்பினவள். "இன்னொருக்கா வந்தால் பொல்லாதது, கவனம்" எண்டு டொக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினவர். அவளை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?

கனடாவுக்குப் போன் எடுத்தன்.

"அண்ணை, ஆரும் ஒராள் போய் அந்தத் தண்ணியைக் கவிட்டு ஊத்திப்போட்டு வரட்டும்."

"பிள்ளை, கழிப்புக் கழிச்ச வீடு. இடையிலை திறந்தால் தோசம். கார்த்திகையிலை வாறம்தானே. அதுமட்டும் நுளம்புத்திரியைக் கொளுத்தும்."

பூட்டின்ரை திறப்பு சாவகச்சேரியிலை அவரின்ரை மச்சானிட்டை. மழைக்குள்ளை பஸ் ஏறிப் போனன். அந்தாள் கதிரையாலை எழும்பவுமில்லை. "அத்தான் சொல்லாமல் தரேலாது" எண்டுது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவிலை ஒரு நோட்டீஸ் ஒட்டிப்போட்டுப் போனார். நுளம்பு என்ன, வாசிக்கப் போகுதே? பூட்டை உடைப்பம் எண்டன். கட்டடத்திலை இருக்கிற சைவப்பழங்கள் விட்டால்தானே! பால் காய்ச்ச முதல் உடைச்சால் பழி தங்களையும் சுத்துமாம். விசர்ச் சனம்.

கார்த்திகை பிறக்கத் தங்கச்சிக்குக் காய்ச்சல். ஆசுப்பத்திரியிலை முதல் நாள் என்னோடை பகிடி விட்டுக் கதைச்சாள். பிறகு வயிறு நோகுது எண்டாள். பிறகு பல்லு முரசாலை இரத்தம் வந்தது. டொக்டர்மார் விடாமல் பாத்தினம். செத்துப்போனாள்.

செத்தவீடு முடிஞ்ச கையோடை கனடாவிலையிருந்து போன் வந்தது. அந்த அண்ணை கவலை சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை, ஒண்டும் நினைக்காதையும். அந்தக் கட்டடத்திலை செத்தவீடு நடந்தபடியாலை ஐயர் குடிபூரலைத் தள்ளிவைக்கச் சொல்லிப்போட்டார். அடுத்தது மார்கழி, கூடாது. இனித் தையிலைதான் வந்து திறப்பம். எங்களுக்கும் டிக்கெற் மாத்துற கரைச்சல்" எண்டார்.

தை மட்டும் அந்தத் தண்ணி அங்கை கிடக்கப்போகுது.

"ஓம் அண்ணை, ஆறுதலா வாங்கோ" எண்டன். "வரேக்கை உங்கடை பிள்ளையளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மனமாரத்தான் சொன்னனான்.