உரம் போடாத துண்டு

எங்கள் வயல் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில், பஸ் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. பல்கலைக்கழகத்து மேடம் தன் ஆராய்ச்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். பார்வையிட வருகிறவர்கள் காரை விட்டு இறங்கினால் நேரே வரப்பில் கால் வைத்துவிடலாம். மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் நான் சரி என்றேன். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்ற ஆள் நான். படித்த பெண் ஒருவர் எதிரில் நின்று பேசினால் பாதி காதில் விழாது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

மேடத்துக்குச் சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். தண்ணீர் இல்லாத ஊர். எங்கள் வாய்க்காலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஆசிரியர்கள் எல்லாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதற்கான பணத்தை வெளியே இருந்து கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மேடம் எழுதிக் கேட்டு, டெல்லியில் இருந்து ஒரு திட்டம் கிடைத்திருந்தது. அவர் துறையில் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

“இது நல்லா முடிஞ்சாத்தான் அண்ணாச்சி, அடுத்த கட்டத்துக்குப் பணம் தருவாங்க. எங்க லேப்ல இப்ப நெல்லைக் காயவைக்க ஒரு அடுப்பு கூட கிடையாது. மொட்டைமாடியிலதான் காயப்போடுதோம், காக்காய விரட்டிக்கிட்டு” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். கூடவே ஓர் ஆராய்ச்சி மாணவி வருவாள். அவளுக்கு மாதச் சம்பளமும் அந்தத் திட்டத்திலிருந்துதான். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வண்ணார்பேட்டையில் இருந்து பஸ் பிடித்து வருவாள்.

ஆராய்ச்சி இதுதான். ஆற்றங்கரை மண்ணிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு நுண்ணுயிர்க் கரைசலைப் பயிருக்கு ஊற்றினால் யூரியா வேண்டியதில்லையா என்று பார்ப்பது. பிசானப் பருவத்து நெல்லுக்கு நாற்று நடும்போது என் வயலை நடுவில் வரப்பு போட்டு மூன்று துண்டாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வழக்கம்போல யூரியா. ஒன்றுக்கு மேடத்தின் கரைசல். ரோட்டை ஒட்டிய மூன்றாவது துண்டுக்கு ஒன்றும் கிடையாது.

“இது பட்டினி கிடந்தாத்தான், பக்கத்துத் துண்டு பச்சையா இருக்கது எதனாலன்னு நாம சொல்ல முடியும். இதுக்கு மட்டும் எதுவும் போட்டுராதீங்க” என்றார் மேடம். தலையாட்டினேன்.

பயிர் தூர் கட்டுகிற சமயத்தில் அந்தத் துண்டு மஞ்சளாகிவிட்டது. உள்ளே இருந்த இரண்டும் கரும்பச்சையாக நிற்க, இது மட்டும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி ரோட்டோரம் நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீக்கடையில் ஆரம்பித்தார்கள்.

“என்னவே, உம்ம வயலுக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லிய அரைச்சு மடையில ஊத்தும்வே.”

“அட சும்மா இரும்வே. அவரு வயலுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு. அதான் மஞ்சத் தேச்சுவிட்டிருக்காரு.”

நானும் சிரித்தேன். ஆராய்ச்சிக்காக விட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விஞ்ஞானி என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயம். அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். வயலுக்கும் ரோட்டு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனேன். என் வயலுக்கே நான் ஒளிந்து ஒளிந்து போய்வந்தேன்.

என் அண்ணன் எனக்கு நேர் எதிர். பேசினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். “ஏலே, அதுக்கு ஏன்லே உரம் போடாம கெடக்கு?” என்று கேட்டான். “மேடம் சொல்லியிருக்காவ” என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, “டெல்லியில இருந்து பெரிய ஆளுங்க வயலப் பாக்க வருதாவ” என்று மட்டும் அவனிடம் சொன்னேன். மஞ்சளாக இருக்கிற துண்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பனி விலகும் நேரம், கரையில் இருந்து பார்த்தேன். ரோட்டோரத் துண்டு பச்சை பிடித்திருந்தது. வரப்போரம் காலி யூரியாச் சாக்கு ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இனிமேல் யாரும் சிரிக்க மாட்டார்கள். அன்று டீக்கடைக்கு ரோட்டு வழியாக நடந்தே போனேன். டீ பாதி குடிக்கும்போதுதான் மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். போனில் அவர் எண்ணை எடுத்து எடுத்து வைத்தேன்.

மறுநாள் மேடமும் மாணவியும் அவர்களாகவே வந்தார்கள். மாணவியின் கையில் இலையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற பிளாஸ்டிக் அட்டை. ரோட்டோரத் துண்டில் இறங்கி ஓர் இலையை அட்டையில் வைத்தாள். வேறு இலையை எடுத்து வைத்தாள். பிறகு அட்டையைப் பிடித்த கையை அப்படியே தொங்கவிட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தாள்.

“அண்ணன் தெரியாம போட்டுட்டான்” என்றேன்.

மேடம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்போதுதான், அவரிடம் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வியாக, அதைக் கேட்டேன்.

“மேடம், மூணும் பச்சையாத்தானே இருக்கு. இந்தத் துண்டுக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சு எழுதிக்கிட்டா டெல்லிக்காரவியளுக்குத் தெரியவா போவுது?”

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எழுதிரலாம் அண்ணாச்சி. அவங்களுக்குத் தெரியாதுதான். ஆனா அத நம்பி எங்கேயோ ஒருத்தர் அடுத்த வருஷம் யூரியா வாங்காம இருந்து, அவர் வயல் பூரா இப்படி மஞ்சளாப் போச்சுன்னா?”

ஒரு துண்டு மஞ்சளாக நின்றதற்கே ஊரைச் சுற்றி நடந்தவன் நான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைப் பார்க்கப் போனேன். மடையில் ஒரு வேலையும் இல்லை.

டெல்லிக்காரர்கள் சொன்ன நாளில் வந்தார்கள். மூன்று பேர். அதில் ஒரு பெரியவருக்குத் தமிழ் தெரியும். பல்கலைக்கழகத்தில் இருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். இளநீர் வெட்டி வைத்திருந்தோம். மேடம் எதையும் மறைக்காமல் வரப்பில் நின்று ஆங்கிலத்தில் சொன்னார். வார்த்தை புரியாவிட்டாலும் எந்த இடத்தில் அதைச் சொல்கிறார் என்று தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தத் துண்டின் பக்கம் திரும்பினார்கள்.

பெரியவர் என்னிடம் வந்து, “என்ன நடந்தது? நீங்க சொல்லுங்க” என்றார்.

துண்டைத் தோளில் போடுவதும் எடுப்பதுமாக நின்றேன். பின்னால் இருந்து அண்ணன் முன்னே வந்துவிட்டான்.

“ஐயா, நாந்தான் போட்டேன். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது கிழிஞ்ச பாய விரிப்பமாய்யா? தம்பி வயலப் பாத்து ஊரே சிரிக்கு, டெல்லிக்காரவியளும் சிரிக்கவான்னுதான் போட்டேன்.”

“எதுக்கு விட்டிருக்காங்கன்னு உங்க தம்பி சொல்லலையா?”

“அவன் எதைத்தான் வாயத் தொறந்து சொல்லுதான்? பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் நாந்தான் பேசுனேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடம்கூட லேசாகச் சிரித்தார். அண்ணன் தப்பைச் செய்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தப்பைச் செய்யாத நான் குனிந்து நின்றேன். இவன் ஏன் இத்தனை பேர் முன்னால் இப்படிக் கத்துகிறான் என்று அந்த நேரத்திலும் அண்ணனை நினைத்துக் கூச்சப்பட்டேன். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன். என் வாயில் வர வேண்டிய பேச்சைத்தான் அவன் பேசினான்.

அடுத்த கட்டத்துக்குப் பணம் வரவில்லை. இன்னொரு பிசானம் முழுக்கச் செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். காயவைக்கிற அடுப்பு வரவில்லை. சம்பளம் நின்றதும் மாணவி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து படிப்பை முடிப்பேன் என்று மேடத்திடம் சொல்லியிருக்கிறாளாம்.

இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் மேடம் வந்தார். தனியாக, ஸ்கூட்டரில். கரைசல் கேன் கால் வைக்கிற இடத்தில் இருந்தது.

“மறுபடியும் போட்டுப் பாக்கணும் அண்ணாச்சி. பணமெல்லாம் இப்ப ஒண்ணும் இல்ல. ரோட்டோரம் வேண்டாம். உள்ள தள்ளி, யாரு கண்ணுலயும் படாத மாதிரி ஒரு வயல் இருந்தாப் போதும்.”

என் வெட்கத்தை அவர் அளந்து வைத்திருந்தார். அதற்குத் தகுந்த மாதிரி தன் வேலையை மாற்றிக்கொள்ளவும் தயாராக வந்திருந்தார்.

“ரோட்டோரமே இருக்கட்டும் மேடம்” என்றேன்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், யாரும் கேட்காமல் நானே சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “ரோட்டோரத் துண்டு இந்தத் தடவையும் மஞ்சளாகும். வேணும்னுதான் விட்டிருக்கு. ஆராய்ச்சிக்கு. யாரும் எதுவும் போட்டுராதீய.”

ஒருவர், “விஞ்ஞானி அண்ணாச்சிக்கு ஒரு டீ போடுவே, சீனி தூக்கலா” என்றார். பயந்த பட்டம் வந்து சேர்ந்தது. அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

இப்போது அந்தத் துண்டு மஞ்சளாகி நிற்கிறது. நான் ரோட்டு வழியாகத்தான் போகிறேன். பஸ் வரும்போது மட்டும் வரப்பில் உட்கார்ந்து, இல்லாத களையைப் பிடுங்குகிறேன்.