அப்பா விட்டுவிட்ட ஒரு சொல்

எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால் அப்பா நேராகச் சொல்லமாட்டார். "உப்பு குறைவு என்று கூறப்படுகிறது" என்பார். அம்மாவும் விடமாட்டார். "யாரு கூறுனது? இந்த ஊட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே உப்பு ஜாடியை அவர் பக்கம் தள்ளுவார். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா இன்னும் உப்பு ஜாடியை அவர் உட்காரும் பக்கமே தள்ளி வைக்கிறார்.

அப்பா பிறந்தது காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல் கிராமத்தில். ஏரித் தண்ணீரில் ஊரெல்லாம் நெல் விளைந்தாலும் தாத்தாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊரார் வயலில் பாடுபட்டுத்தான் அப்பாவைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் அப்பா ஒரு மாலைப் பத்திரிகைக்குக் காஞ்சிபுரம் நிருபரானார். கருடசேவைக் கூட்டத்திலும் இருப்பார், செயின் பறிப்பு நடந்த தெருவிலும் இருப்பார். எங்கே போனாலும் டீ குடிக்க வைக்காமல் அனுப்பமாட்டார்கள்.

அப்போது ஒரு பட்டுக்கடையில் ஜரிகை களவு போயிற்று. அங்கே நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்த ஏகாம்பரம் மாமாவைப் போலீசார் பிடித்துப் போனார்கள். செய்தியை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக்குப் போனில் சொல்ல வேண்டிய காலம் அது. லைன் இரைந்தது. அந்தப் பக்கம், "சீக்கிரம் சொல்லுங்க சார், பக்கம் முடிக்கணும்" என்று அவசரப்படுத்தினார்கள். "திருடியதாகக் கூறப்படுகிறது" என்று சொல்லவேண்டிய அப்பா, "திருடினார்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அப்படியே வந்தது. ஊரே படித்தது.

ஜரிகையை எடுத்தவர் கடை முதலாளியின் மைத்துனர் என்பது பிறகு தெரிந்து மாமாவை விட்டுவிட்டார்கள். அப்பா எழுதி அனுப்பிய திருத்தத்தைப் பத்திரிகை வெளியிடவில்லை, பழைய செய்தி என்று சொல்லிவிட்டது. மாமாவை அதற்குப் பிறகு எந்தப் பட்டுக்கடையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். மாமா உள்ளே கூப்பிடவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். பேப்பர் படிச்சவங்க கிட்ட சொல்லுங்க" என்றாராம்.

அப்பா அந்த வேலையை விட்டார். இனி நான் மாட்டிவிடுகிற ஆள் கற்பனை ஆளாகவே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் துப்பறியும் நாவல் எழுத உட்கார்ந்தார். காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் செவிலிமேட்டு வீட்டில் காலை டவுன் பஸ் சத்தம் கேட்கும்போது அவர் நாலைந்து பக்கம் எழுதி முடித்திருப்பார். பஸ் நிலையக் கடைகளில் கிளிப்பில் தொங்கிய அவருடைய மாத நாவல்களை என் தோழிகள் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் அப்பாவின் கதைகளில் ஒரு குறை. முதலில் கைதாகிறவன் எப்போதுமே நிரபராதி. வாசகர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஒரே ஒரு தடவ, மொதல்ல மாட்டறவனையே கொலைகாரனா வைங்க சார். ஜனங்க ஆடிப்போயிருவாங்க" என்று பதிப்பாளர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். அப்பா காபி கொடுத்து அனுப்பிவைத்தார். கதையை மாற்றவில்லை. சாப்பாட்டு வேளையில் 'கூறப்படுகிறது' என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும் அந்த ஜரிகைச் செய்திக்குப் பிறகுதான் என்று அம்மா சொன்னார். நாங்கள் வெறும் கிண்டல் என்றே நினைத்திருந்தோம்.

கடைசி மாதங்களில் அப்பாவுக்குக் கை நடுங்கியது. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். மருத்துவமனையில் டாக்டர், "சீக்கிரம் தேறிடுவீங்க" என்றபோது, அப்பா என்னைப் பார்த்து, "என்று கூறப்படுகிறது" என்றார். நான் சிரித்துவிட்டு வெளியே போய் அழுதேன்.

அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று ஏகாம்பரம் மாமா வந்தார். கையில் மாலை. "பேப்பர்ல போட்டிருந்தாங்கம்மா. பேப்பர்ல வர்றத நான் நம்பறதில்ல. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "அவுரு புஸ்தகம் எல்லாம் ஊட்ல வச்சிக்கினு இருக்கேன். அதுல மொதல்ல மாட்டிக்கினு அப்பால வெளிய வர்றவன் நான்தான். பேர மட்டும் அவுரு கடைசி வரைக்கும் போடல."

அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த செவிலிமேட்டுத் தெருக்காரர்களுக்கும், தாமலிலிருந்து ஓடிவந்த உறவினர்களுக்கும், முடிவு தெரிந்தே அவர் கதைகளை வாங்கிப் படித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அன்றைக்கு அந்த ஜரிகைச் செய்தியையும் படித்தவர்கள். அப்பா உங்களுக்குச் சொல்ல நினைத்ததை, மாமாவைக் கேட்டுக்கொண்டு, பெயர் போட்டு இங்கே அச்சிடுகிறேன்.

ஏகாம்பரம் மாமா அந்த ஜரிகையைத் திருடவில்லை.