மங்கிய விளக்கை வைத்து அளந்தேன்

நான் கையெழுத்திட்ட சான்று பொய் என்று தெரிந்தே, ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல விட்டேன். அவள் வேலை போயிற்று. என் வேலை போகவில்லை.

1950களின் கடைசியில் சேலத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. ஆலைகளில் வெளிச்சம் போதுமா என்று பார்க்கும் மீட்டர்களைச் சரிசெய்து சான்று கொடுப்பது என் பொறுப்பு. கறுப்புத் துணி தொங்கிய அறை, நீண்ட மேடை, அதன் ஒரு முனையில் தர விளக்கு. அது எவ்வளவு ஒளி தரும் என்று டில்லியில் அளந்து எழுதியனுப்பியிருந்தார்கள். அந்த எண்ணை நம்பித்தான் ஒவ்வொரு மீட்டரின் முள்ளையும் திருத்துவோம்.

ஆலைகள் ஓடும்போது அந்த ஊரில் மின்னழுத்தம் தாழ்ந்து கிடக்கும். ஷிப்டு மாறித் தறிகள் நின்றதும் குபீரென்று ஏறும். அதனால் விளக்கு எரியும்போது ஓர் ஆள் வோல்ட்மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் விளக்கைச் சூடாகவிட்டு டீ குடிக்கப் போனேன். ஷிப்டு மாறும் சங்கு ஊதியது காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை, அரசியல் பேச்சு சுவையாக இருந்தது. திரும்பி வந்தபோது விளக்கு கண் கூசும்படி வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் லேசாகக் கறுத்திருந்தது; இனி அது பழைய அளவு ஒளி தராது.

மேலதிகாரியிடம் சொல்லியிருந்தால் விளக்கு டில்லிக்குப் போயிருக்கும், நான் வேலை போய்ச் சொந்த ஊருக்குப் போயிருப்பேன். சொல்லவில்லை. மங்கிய விளக்கைப் பழைய எண்ணோடே வைத்து மீட்டர்களைத் திருத்தினேன். அதன்பின் எங்களிடமிருந்து போன மீட்டரெல்லாம் குறைந்த வெளிச்சத்தை நிறைவெளிச்சம் என்றது.

சில மாதம் கழித்துக் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு அளக்கப் போனேன். நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பெண்கள் புகார் செய்திருந்தார்கள். முன்னால் வந்து பேசியவளுக்கு முப்பது வயதிருக்கும். நீளவாட்டுப் பாவு நூலைத் தறி விழுதின் ஊசிக்காது போன்ற கண்களில் ஒவ்வொன்றாகக் கோக்கிற வேலை அவளுக்கு. நான் மீட்டரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். முள் வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றது.

கூடத்து மேஸ்திரி சிரித்தார். "பாத்தியா? கவர்மெண்டு மீட்டரே போதுங்குது. உனக்குத்தான் பத்தல."

"ஏனுங்க, அந்த டப்பாவா நூலு கோக்குது? கோக்கறது நானுங்க."

"கோக்க மாட்டேன்னு சொல்லு. கண்ணு மேல ஏன் பழி போடற?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சாமி. இது வெளிச்சமுங்களா?"

"மீட்டர் காட்டுவதைத்தான் எழுத முடியும்" என்றேன். எழுதினேன். மற்றவர்களைத் தூண்டிவிட்டாள் என்று அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாகி இரண்டு வருடம் ஆன பிறகு புது விளக்கு வந்தது. பழையதை அதோடு ஒப்பிட்டதில் அது மங்கியிருந்தது தெரிந்தது. "வயசாச்சுன்னா மங்கத்தான் செய்யும்" என்று மேலதிகாரி தாமாகவே ஒரு காரணம் சொல்லி முடித்துவிட்டார். அன்று நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் நடந்ததையெல்லாம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். சம்பள உயர்வை நிறுத்தினார்கள், மீட்டர்களைத் திரும்ப வரவழைத்தார்கள். அந்தத் தறிக்கூடத்தில் விளக்குகள் கூடின.

வேலை இழந்த அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். சொன்னேன். விளக்குக் கறுத்ததிலிருந்து எல்லாவற்றையும்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நான் பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவளோடு கூடத்துக்குப் போய், மேஸ்திரியிடமும் முதலாளியிடமும் வாயாலும் சொன்னேன். முதலாளி காகிதத்தைப் படித்துவிட்டு, கோக்கிற இடத்தில் வேறு ஆள் இருக்கிறது, பெருக்குகிற வேலை வேண்டுமானால் தரலாம் என்றார். அவள் பெருக்கவே வாரேனுங்க என்றாள்.

அடுத்த வருடம் அந்தக் கூடத்துக்கு அளக்கப் போனபோது அவளைப் பார்த்தேன். நான் மீட்டரோடு வரவும், பெருக்குவதை நிறுத்தி, சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். "நல்லாயிருக்கியாம்மா?" என்று கேட்டேன். நான் கடந்து போகும்வரை நின்றிருந்துவிட்டு, மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.