அக்கா வாங்கிய ஒற்றை நட்சத்திரம்

கைப்பேசியில் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெலுத்தோங்கில் என் அக்கா கார் ஓட்டும் பள்ளி தொடங்கிய முதல் வருடம் அது. முகப்பில் உட்கார்ந்து பெயர் பதிவது என் வேலை. நட்சத்திரத்தின் கீழே ஒரே வரி: ‘டீச்சர் ரொம்ப கண்டிப்பு, டெஸ்டுக்கு அனுப்பவே மாட்டாங்க.’ அதுவரை எங்களைப் பற்றி எழுதியவர்களே ஆறு பேர்தான்.

எழுதியவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். நாற்பது வயதுவரை மோட்டார் சைக்கிளிலேயே காலம் தள்ளியவர். மேட்டில் நிறுத்தி எடுப்பது, காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவது எல்லாம் அவருக்குக் கைவந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். காலைச் சந்தை நேரத்தில், ஆளும் வண்டியும் குறுக்கே பாயும் தெருவில், அக்கா அந்தப் பிரேக்கைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகுதான் டெஸ்ட். இவர் இரண்டு நாள் தேறினார். மூன்றாம் நாள் அக்கா மிதிக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் முதலிலிருந்து என்றதும் மனிதர் கொதித்துப்போனார்.

மறுவாரம் அவரே வந்தார். “டெஸ்ட் டேட் மட்டும் போட்டுக் குடுங்க அக்கா. இங்கயே நின்னு அஞ்சு ஸ்டாரா மாத்திடறேன் லா,” என்றார். அந்த மாதம் புதிதாக ஒருவரும் சேரவில்லை. இப்படியே போனால் பள்ளியை மூட வேண்டியதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒத்துக்கொண்டுவிடு என்று கண்ணாலேயே அக்காவிடம் கெஞ்சினேன்.

“ஸ்டார் உங்க இஷ்டம் தம்பி. டேட் குடுக்கறது என் பொறுப்பு,” என்றார் அக்கா.

அந்த மனிதர் வேறு பள்ளிக்குப் போனார். சில வாரத்தில் லைசென்ஸ் எடுத்து, அவர்களுக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டார். அதைத் தேடிப் படித்து நான்தான் புழுங்கினேன். அக்காவிடம் பொறுமையாகக் கற்றுப்போன எத்தனையோ பேர் ஒரு வரி எழுதியதில்லை. கோபம் வந்தவுடன் எழுதுகிறோம், நினைத்த காரியம் முடிந்த அன்று எழுதுகிறோம். ஐந்து வருடம் எங்கும் இடிக்காமல் ஓட்டியதற்காக யார் கைப்பேசியை எடுக்கிறார்கள்? எடுக்காவிட்டாலும் தங்கைகளையும் தோழிகளையும் அனுப்பிவைத்தார்கள். பள்ளி மெல்ல நிமிர்ந்தது.

போன மாதம் அந்த மனிதர் மறுபடியும் வந்தார், பதினெட்டு வயது மகளோடு. என் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தப் பள்ளிக்குத்தானே அஞ்சு ஸ்டார் போட்டீங்க அண்ணே? அங்கயே சேத்திருக்கலாமே?”

அக்கா என்னை முறைத்தார். எனக்கோ அக்காவைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் மகளின் பதிவுப் பாரத்தை என் பக்கம் தள்ளினார்.

“அது எனக்கு லைசென்ஸ் கெடச்ச சந்தோசத்துல போட்டது தம்பி. இது என் மவளாச்சே.”