மூழ்கிய கப்பலில் மூன்று தட்டு

ஆளைக் கடலில் இறக்கி, அதே ஆளை மேலே கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பினால்தான் எங்கள் தொழிலில் சாப்பாடு. கடலூரிலிருந்து ஸ்கூபா டைவிங் கூட்டிப் போகிறேன் என்றால், "இங்க என்ன சார் இருக்கு?" என்பார்கள். பரங்கிப்பேட்டைக்கு நேரே, பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. மழைக்காலக் கலங்கல் தெளிந்ததும் சீசனின் முதல் முங்கு அங்கேதான். என்னைப் போலவே கஸ்டமரை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் என்றாலே பயம்தான். 2012-இன் முதல் நாள் பயம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நீச்சல் குளத்தில்

தண்ணீருக்கடியில் பேச முடியாது. அதனால் முதுகிலுள்ள சிலிண்டரைக் கத்திப் பிடியால் மூன்று முறை தட்டுவோம். 'இங்கே வா' என்று அர்த்தம். பயிற்சியில் எவ்வளவு தட்டினாலும் கஸ்டமர்கள் திரும்பமாட்டார்கள். சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் முரளி சார், வகுப்பில் மேஜையைத் தட்டியே தொண்டையைக் காப்பாற்றுகிறவர், அவரே என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஜக்கரியா பாய் மட்டும் முதல் தட்டிலேயே குளத்தைவிட்டு ஏறி, விளிம்பில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார்.

பாய் பரங்கிப்பேட்டைக்காரர். வாலிபம் முழுக்கக் கப்பல்களின் இஞ்சின் ரூமில் கழித்தவர். நான் காட்டப்போகிற கப்பல் மூழ்கியபோது அதில் இருந்தவரும்கூட. அன்றைக்கு இஞ்சின் ரூம் கதவு வளைந்து சிக்கிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டாளி கதவைத் தட்டினான். திறக்கப் போராடிய பாயை மற்றவர்கள் இழுத்துப் படகில் போட்டார்கள். அந்தக் கதவு இருக்கும் பக்கம் இப்போது மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது, கப்பலின் முதுகைத்தான் பார்க்கலாம் என்று சொன்னேன்.

"அவன் தட்டுனான் தம்பி, நான் திருப்பித் தட்டல. அன்னிலேருந்து எங்க வூட்டுக் கதவ நான் சாத்துறதே இல்ல, யாரும் தட்டிடக் கூடாதுன்னு. முதுகாயிருந்தாலும் பரவால்ல, ஒருதரம் தட்டிட்டு வந்துடறேன்."

கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் படகை ஓட்டுவது பக்கிரி. பரம்பரை மீனவன், வாய்க்கு மட்டும் நங்கூரம் கிடையாது. முதல் நாள் படகு கிளம்பியதும் முரளி சார் சத்தமாக, "இப்ப நாம எங்க போறோம்?" என்று கேட்டார். பக்கிரி இஞ்சினை நிறுத்தினான். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வலையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சார் மன்னிப்புக் கேட்டார், நான் கெஞ்சினேன். பாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பக்கிரி முகத்தைக் கழுவிக்கொண்டு இஞ்சினைத் தட்டினான்.

"திரும்பி வரப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், கெளம்பலாம்."

புரண்டு படுத்தது

2011 கடைசியில் அடித்த புயல் எங்கள் பக்கத்தைச் சும்மா விடவில்லை. காடாம்புலியூரில் என் மாமனாரின் முந்திரித் தோப்பு தரையோடு தரை. கரையிலேயே அப்படி. கடலுக்கடியில் என்ன நடந்ததென்று யார் பார்த்தது?

மற்றவர்கள் பிடித்து இறங்கக் கயிறு கட்ட நான் மட்டும் முதலில் இறங்கினேன். புயல் கலக்கிய தண்ணீர் அடியில் இன்னும் தெளியாமல் மோர் போல இருந்தது. வழக்கமாகக் கப்பலின் வழுவழுப்பான முதுகு கைக்குத் தட்டுப்படும் இடத்தில் இரும்புப் படிக்கட்டு தட்டுப்பட்டது. அப்புறம் கைப்பிடிக் கம்பி. அப்புறம் ஒரு கதவு. பல சீசன் பார்த்த கப்பலில் நான் பார்த்தேயிராத பக்கம் அது. வழக்கமாக அங்கே கூட்டமாக நிற்கும் களவா மீன்களில் ஒன்றைக்கூடக் காணோம். மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன். பாய் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. பக்கிரி சாதாரணமாகச் சொன்னான்.

"பொரண்டு படுத்திருக்கு மச்சான். இத்தன வருஷமா ஒரே பக்கமா படுத்துக்கெடந்தா யாருக்குத்தான் வலிக்காது?"

கதவு

முரளி சாரைக் கயிற்றருகே நிற்கச் சொல்லிவிட்டு, பாயைக் கதவுக்குக் கூட்டிப் போனேன். வளைந்த மூலையை அவர் தடவிப் பார்த்தார், அதே கதவுதான். திறந்து பார்க்கலாமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். என் கத்தியை வாங்கி, பிடியால் மூன்று முறை தட்டினார்.

கலங்கலுக்குள்ளிருந்து அவசர அவசரமாக ஓர் உருவம் வந்தது. என் உயிர் போய்த் திரும்பியது. முரளி சார்! குளத்தில் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத மனுஷர், மூன்று தட்டு கேட்டதும் ஒழுங்காக வந்து நின்றார்.

அப்போது மறுபடி தட்டும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. நான் இரண்டு பேரின் கைகளையும் பார்த்தேன். நான்கு கைகளும் சும்மா இருந்தன. தண்ணீரில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று சொல்ல முடியாது. ஆனால் கதவில் ஊன்றியிருந்த என் உள்ளங்கை மூன்று முறை அதிர்ந்தது. நான் பயந்துவிட்டேன். பாய் பயப்படவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார், மேலே போகலாம் என்று.

படகில் ஏறியதும், புயலில் உள்ளே ஏதோ இரும்பு கழன்று அலைக்கு ஆடுகிறது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கும் தம்பி. நான் இன்னிக்கு வூட்டுக் கதவச் சாத்திட்டுத் தூங்கப் போறேன்."

அன்றிலிருந்து தண்ணீருக்கடியில் கஸ்டமரைக் கூப்பிட நான் சிலிண்டரைத் தட்டுவதில்லை, காலைப் பிடித்து இழுக்கிறேன்; திட்டு வாங்கினாலும் கூப்பிட்ட ஆள்தான் வருகிறார் என்ற நிம்மதியாவது மிஞ்சுகிறது.