நெருப்பு கூப்பிடும் கடை

எண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷை ஓர் உதறு உதறிவிட்டு, சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார் வரதன். கோழி வாட்டும் கரியடுப்பில் சொட்டிய எண்ணெய் தீப்பிடித்து, குப்பென்று ஆளுயரத்துக்கு எழுகிறது. மேனாம்பேடு நிறுத்தத்தில் நிற்கும் ஆவடி பஸ்ஸின் ஜன்னல் முகங்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்புகின்றன. நாலு பேராவது இறங்கிவிடுவார்கள். பஸ் நின்றால் எண்ணெய். எண்ணெய் விழுந்தால் கூட்டம். அவரே கண்டுபிடித்த வித்தை இது.

இந்த வித்தைக்கு அவர் கொடுத்த விலை இடது புருவம். அது பொசுங்கிப் போய் வருஷக்கணக்காகிறது. கல்யாணம் காட்சி என்றால் மனைவி சரசாவின் மைப் பென்சிலால் ஒரு புருவம் வரைந்துகொள்வார். "தொழில்காரன்னா ஒடம்புல அடையாளம் இருக்கணும் மாமே" என்பார்.

வெள்ளானூரில் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்தவர். எவரிடமும் கைகட்டி நின்றதில்லை. எவரும் இவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததுமில்லை. தள்ளுவண்டியில் தொடங்கி, இன்று ஒரு கட்டடத்து வாசலையே பிடித்து மேசை நாற்காலி போட்டிருக்கிறார். படித்தவர்களில் எத்தனை பேரால் இது முடியும்? கோழியை வாட்டுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். எலும்பை ஒட்டிய சதை வரைக்கும் வேகவைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"பக்கத்துக் கடைக்காரன் மாதிரி 'வா சார், வா சார்'னு நம்ம கூவமாட்டோம். வரதன் வாயத் தொறக்க மாட்டான். நெருப்பு கூப்புடும்!"

போன வாரம் அந்த நெருப்பு மாடி வரைக்கும் போய்விட்டது. முதல் மாடி பால்கனியில் கட்டியிருந்த பச்சை வலை பற்றிக்கொண்டது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். அங்கே குடியிருக்கும் கட்டட உரிமையாளர் நாகேந்திரன் இறங்கி வந்து, "ஞாயித்துக்கெழமைக்கு மேல இங்க தீ எழும்பக் கூடாது. எழும்புச்சுன்னா கடைய காலி பண்ணிடுங்க" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

சரசா நாலு கடை ஏறி இறங்கி ஒரு காஸ் கிரில்லைப் பார்த்துவைத்துவிட்டு வந்தாள். அதில் தீ இரண்டு ஓரங்களிலும் மறைப்புக்குள் எரியும். கோழியிலிருந்து வடியும் கொழுப்பு நடுவிலுள்ள தட்டில் விழுமே தவிர, தீயில் விழாது. குபீரென்று எழ வழியே இல்லை. அவள் அதைச் சொன்ன நாளோடு வீட்டில் நிம்மதி போயிற்று.

பல் தேய்த்தபடியே, "பொக வராது, நல்லதுதான்" என்பார் வரதன். காபி ஆறுவதற்குள், "பொக இல்லன்னா ருசி ஏது?" மசாலா தடவும்போது, "கரி மூட்ட தூக்கற வேல இல்ல." கையைக் கழுவுவதற்குள், "கூட்ட நேரத்துல சிலிண்டர் தீந்துபோச்சுன்னா?" கருகாது என்று மெச்சுவதும் அவரே; கருகின ஓரத்துக்குத்தானே ஜனம் அடித்துக்கொள்கிறது என்று முறைப்பதும் அவரே. பால்காரரிடம் கேட்டாயிற்று. முடி வெட்டுகிறவரிடம் கேட்டாயிற்று. மீட்டர் பார்க்க வந்த மின்வாரியத்து ஆளைக்கூட விடவில்லை.

"யோவ், அடுப்ப மாத்துறியா, எடத்த மாத்துறியா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லித் தொலையேன்!"

"இரும்மே. யோசிச்சிகினு கீறேன்ல."

"யோசிச்சி யோசிச்சி இன்னொரு புருவமும் கொட்டத்தான் போவுது."

சனிக்கிழமை மாலை, அந்த கிரில்லை விற்கும் விஷ்ணு அதில் ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார். "சமைச்சுப் பாருங்கண்ணே. புடிச்சா வச்சிக்குங்க. இல்லன்னா இன்னிக்கே வண்டில ஏத்திக்கினு போயிடுறேன்."

கோழி பொன்னிறமாக வெந்தது. வாடிக்கையாக வாங்கும் சுலோசனா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். "உள்ள வரைக்கும் வெந்துகீது அண்ணாத்தே. கருகவே இல்ல. ஆனா இன்னாவோ கொறையுது."

"பாத்தியா!" என்று துள்ளினார் வரதன்.

"பொகதான் கொறையுது! நீ கோழி துன்ன வந்தியா, பொக துன்ன வந்தியா?" என்று எகிறினாள் சரசா. அதற்குள் இரண்டாவது துண்டும் சுலோசனாவின் வாய்க்குள் போயிருந்தது.

ஆவடி பஸ் வந்து நின்றது. வரதன் பிரஷ்ஷை உதறினார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எண்ணெய் வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் இறங்கியது. இன்னோர் உதறு. ஒன்றும் எழவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. வெந்த கோழி அப்படியே குவிந்து கிடந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த நாகேந்திரன், அந்த வாரத்தில் முதல் தடவையாகத் திட்டாமல் உள்ளே போனார்.

"இன்னாண்ணே, வைக்கட்டா, ஏத்தட்டா?" என்றார் விஷ்ணு.

சரசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஓரமாகத் தள்ளிவைத்திருந்த கரியடுப்பை ஒரு பார்வை பார்த்தார் வரதன். திருப்பத்தில் அடுத்த பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. இடுக்கியால் ஒரு தொடைத் துண்டைக் கவ்வி உயர்த்திப் பிடித்தார். சாலைக்கு இறங்கி, பக்கத்துக் கடைக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தொண்டையைச் செருமினார்.

"வா சார்..."

அது அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை செருமினார்.

"வா சார், வா!"